பங்கு போட்ட மீன்தொட்டி

மார்ச் 4

மாப்பிள்ளை,

'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாளில் ஆரம்பிக்கிறேன். உன்னால் ஒரு நல்ல தாள் வீண்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நீதான் என் எண்ணை உன் போனில் அடைத்து வைத்திருக்கிறாயே. மாடியில் போட்டோவுக்குப் பிரேம் போடுகிறாரே பெரியவர், அவர் தன் போனில் உன்னைக் கூப்பிட்டுச் சோதனை செய்துவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தார். "எனக்கு முதல் மணியிலேயே எடுத்துட்டாரு தம்பி! உங்களுக்கு மட்டுந்தான் கதவு சாத்தியிருக்கு." அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு பிரகாசத்தை நான் பார்த்ததே இல்லை. என் ஃபிளாஷ் கூட அப்படி அடிக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மீன்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

நீ என் தங்கச்சியைக் கட்டியவன், நாம் இருவரும் சேர்ந்துதான் ஸ்டுடியோ நடத்தினோம், பிரிந்த அன்று ஒவ்வொரு பொருளாகப் பங்கு போட்டோம். அதெல்லாம் சரி. கேமரா எனக்கு, கம்ப்யூட்டர் உனக்கு. குடை விளக்கு எனக்கு, பிரிண்டர் உனக்கு. கண்ணாடித் தொட்டி எனக்கு, அதன் தண்ணீர் வடிகட்டும் மோட்டாரும் அதற்குள் இருந்த அந்தக் கறுப்புப் பஞ்சும் உனக்கு. அந்தப் பஞ்சை நாயும் முகராது. "நீயே வச்சுக்க" என்று பெருந்தன்மையாகத் தள்ளிவிட்டேன். மறந்துவிடாதே.

ஆனால் மீன்? பதினோரு நியான் மீன். எனக்கு ஐந்து, உனக்கு ஆறா? "நாங்க ரெண்டு பேரு, நீங்க ஒத்தை ஆளு" என்று ஒரு கணக்குச் சொன்னாய் பார், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. நான் ஒண்டிக்கட்டை என்றால் மீனும் குறைவாகப் பார்க்க வேண்டுமா? அதிலும் நல்லதாகப் பார்த்து நீ பொறுக்கியிருக்கிறாய். நீலக்கோடு பளீரென்று இருந்ததெல்லாம் உன் வாளிக்குப் போயிற்று. என் ஐந்தும் மரக்கட்டைக்குப் பின்னால் போய் முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. சிவப்பு போய், நீலம் போய், ஊறவைத்த அரிசி மாதிரி இருக்கின்றன.

இதனால் தொழிலே படுத்துவிட்டது. பாஸ்போர்ட் படம் எடுக்க வரும் குழந்தை தொட்டியைப் பார்க்கும், கூட்டமாக மீன் திரும்புவதைப் பார்த்து வாயை மூடும், நான் பட்டனை அமுக்குவேன். இப்போது அங்கே கட்டை மட்டும்தான் இருக்கிறது. கட்டையைப் பார்த்து எந்தக் குழந்தை அழுகையை நிறுத்தும்? என் முகத்தைப் பார்த்து இன்னும் கூடுதலாக அழுகின்றன.

நோய் பிடித்ததாகப் பார்த்துக் கொடுத்தாயா? உடனே பதில் வேண்டும்.

தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் போன் செய்யவில்லை. சும்மா தகவலுக்காக எழுதினேன்.

இப்படிக்கு,
ஐந்து மீன்காரன்

*

மார்ச் 11

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாதியில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கோபம் வரும்போதுகூடப் படிக்க வைத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு வாய்தான் மூலதனம் என்று நான் சொன்னது பொய்யில்லை.

நான் உங்களைப் போல ஜோடித்து எழுத மாட்டேன். நேராகச் சொல்கிறேன்.

ஒன்று, நான் மீன் பொறுக்கவில்லை. வலையில் வந்ததை எடுத்தேன். வலை பிடித்தது நீங்கள்.

அடுத்தது, என் மீன்களும் ஒளிந்துகொண்டுதான் இருக்கின்றன. நிறம் போய்விட்டது. மோட்டார் பெட்டிக்குப் பின்னால் போய் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. நோய் கொடுத்தது யார் என்று நானும் கேட்கலாம்.

அப்புறம் அந்தப் பஞ்சு. பெருந்தன்மையாகக் கொடுத்தீர்களாம். அதை எடுத்துப் பிழிந்தபோது சாக்கடைத் தண்ணீர் மாதிரி ஓடியது. இப்படி ஒரு அழுக்கைத் தலையில் கட்டிவிட்டாரே என்று குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, வெள்ளையாகும்வரை அலசி, வெயிலில் காயவைத்துத்தான் புதுத் தொட்டியில் மாட்டினேன். அப்படியும் இரண்டாம் நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மீன் செத்துப் போனது. அடுத்த நாள் இன்னொன்று. இரண்டையும் நான்தான் எடுத்தேன்.

உங்கள் தங்கச்சி வாசலில் நின்று பார்த்தாள். பஞ்சை நான் காயப்போட்டபோதும் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. இந்த ஊரில் வந்து கடை போட்டதிலிருந்து வாடிக்கையாளரிடம் "அடுத்தவங்க வாங்க" என்கிறாள். என்னிடம் "சாப்பாடு இருக்கு" என்கிறாள். அவ்வளவுதான் பேச்சு. உங்களுக்குப் போன் செய்யாதது என் உத்தரவு இல்லை. என் உத்தரவுக்கு இந்த வீட்டில் மீன்கூட அசையாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் சாமர்த்தியமாக விட்டுவிட்ட விஷயம். அட்டைப்பெட்டி ஆலையின் குரூப் போட்டோ. மேனேஜர் கண்ணை மூடியிருந்தார். அந்த நேரத்தில் பட்டனை அமுக்கியது யார்? "இன்னொன்னு எடுத்துக்கலாம்" என்று நான் சொன்னபோது, "உன் கம்ப்யூட்டர்ல திறந்து விட்டுரு மாப்ளே" என்றது யார்? அந்தப் படத்தில் கண்ணை நன்றாகத் திறந்து நேராகப் பார்த்தவர் வாட்ச்மேன் மட்டும்தான். அவர் கண்ணை எடுத்து ஒட்டினேன். மேனேஜர் வந்து குதித்தபோது, கடை நிறைய ஆட்கள் இருக்க, "கண்ணைப் பொறுக்கி ஒட்டுறவனெல்லாம் போட்டோகிராபரா" என்று கேட்டீர்களே. அது போதும் எனக்கு. மீன் கணக்கெல்லாம் அப்புறம்.

இப்படிக்கு,
கண் பொறுக்கி

*

மார்ச் 18

மாப்பிள்ளை,

சோப்பா? பஞ்சுக்குச் சோப்பா? படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பிரேம்காரப் பெரியவர் இறங்கி வந்துவிட்டார். பிறகு இரண்டு மீன் செத்த வரி வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போய்விட்டார். அவரே பேசாமல் போனார் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்.

இரண்டு உயிரைக் கொன்றுவிட்டு, எனக்கு வாட்ச்மேன் கண் கதை சொல்கிறாய். மேனேஜருக்கு அவருடைய பழைய படத்திலிருந்தே கண் எடுத்திருக்கலாம். நம் கடையில் அவர் படம் நான்கு கிடந்தது. வாட்ச்மேனின் கண்ணை வைத்ததும் அந்த மனிதர் தன் சொந்த ஆலைக்குள் யாரும் நுழையக்கூடாது என்பது மாதிரி முறைத்தார். தொழிலாளிகள் அத்தனை பேரும் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என் சட்டையைப் பிடித்தார். உன் சட்டையையா பிடித்தார்? நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். சட்டை கசங்கினால் எவனும் கத்துவான்.

இங்கேயும் ஒரு செய்தி இருக்கிறது. நீ வேறு வழியில் கேள்விப்பட்டால் கூட்டிச் சொல்வார்கள், அதனால் நானே சொல்கிறேன். இந்த ஐந்தும் துணையில்லாமல் கிடக்கின்றனவே என்று மீன் கடைக்குப் போனேன். அங்கே ஒரு ஏஞ்சல் மீன் இருந்தது. வெள்ளி நிறம், நீளச் செட்டை, என்ன மிடுக்கு! கல்யாண வரவேற்பில் நுழைகிற பெரிய மனிதர் மாதிரி மெதுவாகத் திரும்பியது. இப்படி ஒருவர் நடுவில் இருந்தால் சின்னதுகள் தைரியமாக வெளியே வரும் என்று வாங்கி வந்து விட்டேன்.

வந்தது உண்மை. ஒன்று வந்தது. பெரிய மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். அவ்வளவுதான்.

நான் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அவரை அன்றைக்கே கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். கடைக்காரப் பெண் "என்ன சார், பிடிக்கலையா?" என்றாள். "ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா, அதான் பிரச்சினை" என்றேன்.

உன்னிடம் இப்போது நாலு, என்னிடமும் நாலு. ஆனால் தொட்டி என்னுடையது. ஆகவே உன் நாலையும் இங்கே அனுப்பு. உன் கையில் விட்டால் அவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயவைப்பாய்.

அவளை என்னிடம் பேசச் சொல். வேண்டாம், சொல்லாதே. சொன்னால் பேச மாட்டாள்.

இப்படிக்கு,
சட்டை கசங்கியவன்

*

மார்ச் 24

மச்சான் அவர்களுக்கு,

ஏஞ்சல் மீனா! நியான் அதன் வாய்க்குள் போகிற அளவுதான் என்று பார்த்தாலே தெரியாதா? இருபது வருடமாகக் கேமராவில் கண்ணை வைக்கிறீர்கள். ஆளை ஆள் விழுங்கப் போவது தெரியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தீர்களாம்.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது மடிப்பு மாறிக் கிடந்தது. அவள் படித்திருக்கிறாள். அன்று "சாப்பாடு இருக்கு" என்றுகூடச் சொல்லவில்லை.

நான் இங்கே உள்ள மீன் கடைக்குப் போனேன். ஒரு அம்மா நடத்துகிறார். தண்ணீர் ஏன் வெள்ளையாகிறது என்று கேட்டேன். பழைய பஞ்சு இருந்ததா என்றார். இருந்தது, சுத்தமாகத் துவைத்தேன் என்றேன். என்னை உட்காரச் சொன்னார். தலை சுற்றி விழுந்துவிடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

அந்த அழுக்குதான் தொட்டிக்கு உயிராம். மீன் கழிவை அந்த அழுக்கில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் தின்று தண்ணீரை நல்லதாக வைக்குமாம். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டுமாம். குழாய்த் தண்ணீர் பட்டாலே போச்சாம். நான் சோப்பே போட்டிருக்கிறேன். உங்கள் தொட்டியில் பஞ்சே இல்லை. புது மோட்டார் மாட்டியிருப்பீர்கள். உங்கள் தண்ணீரும் நாறிக்கொண்டுதான் இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, "மீன் எத்தனை இருந்தது?" என்றார். பதினொன்று என்றேன். "மீதி எங்கே?" பங்கு போட்டுவிட்டோம் என்றேன். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வாங்களேன், நியானைப் பங்கு போட்டவர் வந்திருக்காரு." கூட்டமாக இருந்தால்தான் அதற்குப் பயம் போகுமாம், நிறம் வருமாம். குறைத்தால் ஒளிந்துகொள்ளுமாம்.

தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போனார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சனிக்கிழமைதோறும் அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, அந்தப் பஞ்சை ஒரு தடவை, இரண்டு தடவை பிழிந்து உள்ளே வைப்பாள். வாரா வாரம் பார்த்திருக்கிறோம். அன்று நாம் வலை போட்டு மீன் எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் கவுன்டரில்தான் இருந்தாள். "முடிச்சாச்சா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை. நான் மட்டும் இதைச் சுமக்க முடியாது.

மீன் வளர்க்கத் தெரிந்தவள் இங்கே இருக்கிறாள். ஆகவே நீங்கள்தான் உங்கள் நாலையும் அனுப்ப வேண்டும். அவளாவது இந்தத் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

*

மார்ச் 30

மாப்பிள்ளை,

அனுப்ப மாட்டேன்.

நீ என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனாய். கம்ப்யூட்டரைக் கொண்டுபோனாய். ஆறாவது மீனைக் கொண்டுபோனாய். இப்போது என் நாலையும் கேட்கிறாய். அப்புறம் தொட்டியைக் கேட்பாய். கடைசியில் கட்டைக்குப் பின்னால் நான்தான் போய் நிற்க வேண்டும்.

தண்ணீர் நாறுகிறது என்று நீ எழுதியது உண்மை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது. நீ சொல்லி உண்மையாவது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுச் சமையலறையில் இப்போது குடிக்க ஒரு பாத்திரம் இல்லை. எல்லாவற்றிலும் மீனுக்குத் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

நேற்று ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை வீறிட்டது. "மீன் பாரு, மீன் பாரு" என்று பழக்கத்தில் காட்டிவிட்டேன். குழந்தை பார்த்தது. ஒன்றும் இல்லை. ஏமாற்றுக்காரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தது. "முன்ன ஒரு அக்கா இருப்பாங்களே, அவங்க இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டாள். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். கேமரா பிடிக்கிறவனை யாரும் கேட்டதில்லை. கண் ஒட்டுகிறவனையும் கேட்கவில்லை, மனதைத் தேற்றிக்கொள்.

மீன் வேண்டுமென்றால் நீ இங்கே வா. என் எதிரில் நின்று கேள். அப்போதும் தர மாட்டேன். ஆனால் கேட்க வா.

போனை அவள் கையில் கொடு. நான் கெஞ்சவில்லை. கொடு.

*

ஏப்ரல் 3

மச்சான்,

அவள் இல்லை.

காலையில் கடை திறக்கப் போய்விட்டுத் திரும்பினேன். தொட்டி காலி. மூடி போட்ட வாளி இல்லை. பேட்டரி மோட்டார் இல்லை. அவள் பை இல்லை. மேசையில் இருந்த உங்கள் கடிதங்களும் இல்லை. "சாப்பாடு இருக்கு" என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

அங்கேதான் வந்திருப்பாள். வேறு எங்கே போவாள்? உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பிரேம்காரரைக் கூப்பிட்டால், "நல்லா இருக்காங்க தம்பி, ஆனா பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நீங்கள்தான் ஏதோ செய்து வரவழைத்திருக்கிறீர்கள். என்ன செய்தீர்கள்? பதில் போடுங்கள்.

*

ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்குத்தான் செய்யப்பட்டது.

அன்று மத்தியானம் ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, குடும்பம்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். கையில் வாளி. என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் மோந்து பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் கையைக் கொடுத்தேன். "போனைக் குடு" என்றாள்.

போன் இப்போது கவுன்டர் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது, அவளுடையதும் கூட. "எழுதுங்க. ரெண்டு பேரும் நல்லாத்தானே எழுதுறீங்க" என்கிறாள். அதனால்தான் இந்தத் தாமதம்.

பிறகு மாடிக்குப் போனாள். பிரேம்காரர் வீட்டிலும் ஒரு தொட்டி உண்டு என்பது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஊரில் எவன் மனைவி எவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றெல்லாம் தெரிந்த எனக்கு, தலைக்கு மேலே ஒரு மீன்தொட்டி இருப்பது தெரியவில்லை. அவள்தான் முன்பு நம் பஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து அவருக்கு அமைத்துத் தந்திருக்கிறாள். அதில் பாதியை வாங்கி வந்தாள். கன்னங்கரேலென்று, சொட்டச் சொட்ட. பெரியவர் பின்னாலேயே ஊர்வலமாக வந்தார். நான் முகம் சுளித்தேன். அவள் பார்த்தாள். சுளித்ததை நேராக்கிக்கொண்டேன்.

பஞ்சை வைத்தாள். வாளியைத் தொட்டியில் மிதக்கவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கலந்து, உன் நாலையும் விட்டாள். அவை நேராகக் கட்டைக்குப் பின்னால் போய்விட்டன. "பாத்தியா, இங்கயும் ஒளியுது" என்றேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள்.

"பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்களே ரெண்டு பேரும். தொட்டி யாருது, மீன் யாருது, ஆறாவது யாருது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது. ஒரு வரியிலயாவது என்னைக் கேட்டீங்களா? எனக்கு எத்தனை பங்கு அண்ணே? கேமரா உனக்கு, கம்ப்யூட்டர் அவருக்கு, எனக்கு என்ன? வாளியா?"

குடும்பப் படம் எடுக்க வந்தவர்கள் இன்னும் ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்கள். நான் நகரச் சொல்ல மறந்துவிட்டேன். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு பஞ்சைத் துவைக்கிறாரு. நீ பூனையைக் கூட்டிட்டு வந்து எலிக்குக் காவல் வைக்கிறே. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். கேக்கட்டும்னு இருந்தேன். கேட்டீங்களா?"

கேட்கவில்லை மாப்பிள்ளை. நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ மட்டும் சுமக்க முடியாது என்று எழுதினாயே. பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன். இதில் ஆறு ஐந்து என்று தகராறு வேண்டாம்.

அவள் என் அறையை எடுத்துக்கொண்டாள். நான் ஸ்டுடியோவில் பின்திரைத் துணியை விரித்துப் படுக்கிறேன். நேற்று அருவி, இன்று சூரிய அஸ்தமனம். முதுகு வலிக்கிறது.

இன்று காலை எழுந்து பார்த்தால் எட்டும் வெளியே. நடுத்தொட்டியில் ஒன்றாக வந்து, ஒன்றாகத் திரும்பி, நீலம் பற்றிக்கொண்ட மாதிரி போகின்றன. எது உன்னுடையது, எது என்னுடையது என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். பாஸ்போர்ட் படத்தில் அண்ணன் தம்பியைப் பிரித்துச் சொல்கிற கண் இது. கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அத்தனை பேச்சுப் பேசிய ஆறாவது இதில் இருக்கிறதா, செத்துப்போன இரண்டில் ஒன்றா என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான செய்தி. கடை இனி அவள் நடத்துகிறாளாம். முதலில் எனக்கு நேர்முகத் தேர்வு வைத்தாள். என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "வாடிக்கையாளர் முன்னாடி கூட வேலை பாக்குறவங்களைப் பாத்துக் கத்துவீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். "கத்தினதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றாள். எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு மன்னித்துக்கொள். கண்ணை மூடியிருந்தபோது அமுக்கியது நான்தான். கோபம் இன்னும் போகவில்லை. அதையும் எழுதச் சொன்னாள், பொய் சொல்லக்கூடாதாம்.

வேலை கிடைத்துவிட்டது. இன்று கண்ணாடிக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறாள். "ஆள் தேவை. கம்ப்யூட்டரில் கண் திறந்துவிடத் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் எழுத்தில் மட்டும்." காலையிலிருந்து இரண்டு பேர் விசாரித்துவிட்டார்கள். ஒருவன் இளைஞன், நல்ல சுறுசுறுப்பு. தகவலுக்காகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
புதிதாகச் சேர்ந்த கேமராக்காரன்

*

ஏப்ரல் 9

ஸ்டுடியோ முதலாளி அம்மா அவர்களுக்கு
(வழி: கேமராக்காரர். அவர் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.)

விண்ணப்பம்.

கண் திறந்துவிடத் தெரியும். இனி அவரவர் கண்ணையே தேடி எடுப்பேன். முன் அனுபவம்: இதே கடை. முந்தைய வேலையை விட்ட காரணம்: போன வாரம் நீங்கள் வேலைக்கு எடுத்த ஆள்.

அவர் மன்னிப்பைப் படித்தேன். ஏற்றுக்கொண்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம், உடனே பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கும் கோபம் போகவில்லை. ஆனால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே, வலையைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே. கேட்காததற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை, அதனால் எழுதவில்லை.

கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. நாளை சாயங்காலம் வந்து சேருவேன். அந்த இளைஞனை வரச் சொல்ல வேண்டாம்.

படுக்க அருவியைக் கொடுத்தாலும் சரி, அஸ்தமனத்தைக் கொடுத்தாலும் சரி.

பஞ்சைத் தொட மாட்டேன்.